அட்டைக்கடி புண்ணில் சேர்த்தியா?

எலும்பு முறிவுப் பிரிவுக்குப் புதிதாக வருகிற டொக்டர்மார் எல்லோரும் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எந்த உலோகம் நல்லது, மேடம்?" நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் போனில் கூப்பிட்டு இதையே கேட்கிறீர்கள். கேளுங்கள், எனக்குச் சந்தோஷம்தான். உலோகத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் சோறு தண்ணி இல்லாமல் பேசுவேன். தலவாக்கலையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தவரின் மகள் நான். மற்றப் பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடிய வயதில் ஆணியும் நட்டும் வைத்து விளையாடியவள். டைட்டேனியத்தில் செய்த இடுப்புத் தண்டு ஒன்றை முதன்முதலில் கையில் வாங்கியபோது, இவ்வளவு பெரிய சாமான் இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உங்கள் கேள்விக்குப் பதிலாக நான் பாக்கியத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பொறுமையாகக் கேளுங்கள். உலோகம் கதையில் வரும். வரவேண்டிய இடத்தில் வரும்.

பாக்கியம் லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவர். வயது நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். ஒரு மழைக்காலத்தில் மலைச்சரிவில் சறுக்கி விழுந்தார். விழுந்ததில் இடுப்பு மூட்டின் பந்துக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு, அந்தப் பந்து மெல்ல மெல்லச் செத்து நொறுங்கியது. எங்களிடம் வந்தபோது கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மூட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அந்தக் காலம் வரை எங்கள் மலைநாட்டு ஆஸ்பத்திரியில் இடுப்பு மூட்டு மாற்றியது கிடையாது. கண்டிக்கோ கொழும்புக்கோ எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவோம். பாதிப் பேர் போகவே மாட்டார்கள். அவ்வளவு தூரம் யார் கூடப் போவது, யார் அங்கே தங்குவது? அதனால்தான் இங்கேயே செய்யவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். தியேட்டரைத் திருத்தினோம், ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பினோம். பாக்கியம்தான் எங்கள் முதல் ஆள். எனக்குக் கற்றுத்தந்த பெரிய டொக்டர் கண்டியிலிருந்து வந்து பக்கத்தில் நிற்பதாகச் சொன்னார். நான் அவரைச் சேர் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பாக்கியத்துக்கு அந்த ஒப்பரேஷன் என்னவென்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேலைக்குப் போகாதவரின் பெயரைத் தோட்டத்துப் பதிவில் எத்தனை நாளைக்கு வைத்திருப்பார்கள்? குறித்த ஒப்பரேஷன் நாள் வரைக்கும்தான் வைத்திருப்பேன் என்று தோட்டத்தை நடத்தும் தொரை சொல்லியிருந்தார். பெயர் வெட்டுப்பட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் கேள்விக்குறி என்று பாக்கியம் பயந்தார். ஆகவே அவருடைய கால், வேலை, கூரை மூன்றும் அந்த ஒரு நாளில்தான் தங்கியிருந்தன.

அந்த நாள் வந்தது. வெளியே மழை பிடித்து ஊற்றுகிறது. தியேட்டரில் கல்யாண வீட்டுக் களை. மிஸ்ஸிமார் ஆயுதங்களை அடுக்குகிறார்கள், என் உதவி டொக்டர் எக்ஸ்ரேயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், கொழும்பிலிருந்து இரவலாக வந்த பெட்டியில் எல்லா அளவிலும் தண்டுகள் பளபளக்கின்றன. சேர் தேநீர் அறையில் ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாக்கியத்தைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள். ஒப்பரேஷன் செய்யவேண்டிய காலைக் கழுவித் துடைத்துச் சுத்தத் துணியால் சுற்றியிருந்தார்கள். குளிருக்காக மற்றக் காலில் கம்பளிக் காலுறை, ஒற்றை மேஸ்.

அவருக்கு ஒரு வார்த்தை தைரியம் சொல்லப் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் அந்த மேஸ் காலை வண்டியின் கம்பியில் வைத்துத் தேய் தேய் என்று தேய்க்கிறார்.

"ஏன் காலைத் தேய்க்கிறீங்க?" என்றேன்.

"அரிக்குதுங்க டொக்டரம்மா."

"என்ன அரிப்பு?"

"ஒண்ணுமில்லீங்க. அட்டை."

மேஸை உருவினேன். கணுக்காலைச் சுற்றி அட்டைக் கடிகள். பெரும்பாலானவை காய்ந்த புள்ளிகள். ஒன்று மட்டும் சொறிந்து சொறிந்து சிவந்து, வீங்கி, நடுவில் மஞ்சளாகச் சீழ் கட்டியிருந்தது.

"புண்ணு, காயம் ஏதும் இருக்கான்னு வாட்டுல கேட்டாங்களே. ஏன் சொல்லல?"

பாக்கியம் என்னை நிமிர்ந்து பார்த்தார். கள்ளம் கபடம் இல்லாத பார்வை. "அட்டை கடிச்சது புண்ணுல சேர்த்தியாங்க?"

வாட்டு சிஸ்டர் பக்கத்தில்தான் நின்றார். அவரும் அக்கரப்பத்தனைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். முகம் வெளிறிவிட்டது. "மேடம், எங்க வீட்டுலயும் அதைப் புண்ணுன்னு யாரும் சொல்றதில்ல. எனக்கே தோணல" என்றார். கேட்ட கேள்வி சரி. சொன்ன பதிலும் பொய் இல்லை. மழைக்கு நனைகிற மாதிரி, அட்டைக்குக் கடிபடுகிற ஊர் இது. மழையில் நனைந்ததை யாராவது நோய் என்று சொல்வார்களா?

இப்போது கவனமாகக் கேளுங்கள். உலோகம் வருகிற இடம் இதுதான்.

ஹட்டனிலிருந்து நுவரெலியா போகிற பஸ்ஸில் நீங்கள் ஏறியிருப்பீர்கள். பஸ் வந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாக மூக்குத் துடைக்கும் லேஞ்சியைப் போட்டு சீட் பிடிப்பார்கள் இல்லையா? உடம்புக்குள் நாம் வைக்கிற உலோகமும் அப்படி ஒரு காலி சீட்தான். வைத்த நிமிடத்திலிருந்து அதில் உட்கார இரண்டு கூட்டம் ஓடி வரும். ஒன்று நம்முடைய எலும்பின் உயிரணுக்கள். மற்றது கிருமிகள். எலும்பு முதலில் உட்கார்ந்துவிட்டால் உலோகத்தின் சொரசொரப்புக்குள் வேர் விட்டு, கிருமிக்கு இடமே கொடுக்காது. கிருமி முதலில் உட்கார்ந்தால் தன்னைச் சுற்றி வழுவழுப்பான ஒரு போர்வையைப் போர்த்திக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு விலை உயர்ந்த மருந்தை ஏற்றினாலும் போர்வைக்கு வெளியே நிற்கும். கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கி எடுக்க வேண்டும். பிடுங்கும்போது எலும்பும் கூடவே வரும். எவ்வளவு அழகான ஓட்டப்பந்தயம் பாருங்கள்! இத்தனை வருடத்துக்குப் பிறகும் இதைச் சொல்லும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அந்த டைட்டேனியத்தைச் செய்தவர்களின் கெட்டித்தனம் எல்லாம், எலும்புக்குப் பிடித்த மாதிரி சீட்டைப் போட்டுக் கொடுப்பது வரைக்கும்தான். யார் முதலில் உட்காருகிறார்கள் என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் உதவி டொக்டர் சூட்டிகையான பையன். அவசரக்காரனும் கூட. "மேடம், அது மற்றக் கால்தானே? எவ்வளவு தூரத்தில் இருக்கிறது! மருந்தை ஏற்றிவிட்டுச் செய்துவிடலாம்" என்றார். கிருமி என்ன நடந்தா வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். இரத்தத்தில் ஏறினால் கணுக்காலும் இடுப்பும் ஒரே ரோட்டில் அடுத்தடுத்த பஸ் ஹோல்ட்தான். அவர் சொன்னதில் நியாயமும் இல்லாமல் இல்லை. பெட்டி மறுநாள் கொழும்புக்குத் திரும்ப வேண்டும். சேர் இன்னொரு நாள் கிடைப்பாரோ தெரியாது. பாக்கியத்தின் பெயர் வேறு கத்தி முனையில் நிற்கிறது. ஒன்றும் ஆகாமல் போகவும் கூடும். அதுதான் பொல்லாத விஷயம். தவறு என்று நிச்சயமாகத் தெரிந்தால் நிறுத்துவது சுலபம். "ஒன்றும் ஆகாமல் போகலாம்" என்னும்போதுதான் தலை வெடிக்கும்.

தேநீர் அறைக்கு ஓடினேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சேர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பாக்கியத்தின் கணுக்காலை நன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இது உங்கள் தியேட்டர். உங்கள் முடிவு. எதைச் சொன்னாலும் நான் கூட நிற்பேன்" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு தூரம் வந்தவர் இந்த ஒன்றைச் சொல்லக்கூடாதா? பிறகுதான் விளங்கியது. அவர் செய் என்றால் செய்திருப்பேன், நிறுத்து என்றால் நிறுத்தியிருப்பேன். இரண்டிலும் பொறுப்பு அவர் தலையில் போயிருக்கும். அடுத்த தடவை தனியாக நிற்கும்போது எனக்கு முடிவெடுக்கத் தெரிந்திருக்காது.

நிறுத்தினேன்.

"இன்னைக்கு வேணாம் பாக்கியம். இந்தப் புண்ணு ஆறட்டும். ஆறினதும் செய்வோம்."

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "தோட்டத்துல அட்டை கடிக்காத ஆளு யாருங்க இருக்கா? இது ஆறுனா அடுத்தது கடிக்கும். அப்ப எனக்கு ஒப்பரேஷனே கெடையாதுன்னு நேராச் சொல்லிருங்க டொக்டரம்மா. பேரை வெட்டட்டும். நான் போயிர்றேன்."

நான் சொன்னது அத்தனையும் சரி. அவர் சொன்னதும் சரி. இரண்டும் சரியாக இருந்தால் அந்தப் பெண் சாகும் வரை கட்டையை ஊன்றிக்கொண்டு திரிய வேண்டியதுதான். புத்தகத்தில் 'தோலில் கிருமித்தொற்று இருந்தால் ஒத்திவைக்கவும்' என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்த வரியை எழுதியவர் லிந்துலையில் மழைக்காலத்தில் ஈரப்புல்லுக்குள் நடந்து கக்கூசுக்குப் போய் வந்திருக்க மாட்டார்.

சேர் புறப்பட்டார். தியேட்டருக்குள் போடுவதற்காகக் கண்டியிலிருந்து கொண்டுவந்த வெள்ளைச் செருப்பைக் கழற்றி, எங்கள் செருப்புத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். "இதைக் காவித் திரிவானேன், திரும்பவும் வரத்தானே போகிறேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

பாக்கியத்தின் புண்ணுக்கு மருந்து கொடுத்து, கொழும்புப் பெட்டியையும் திரும்ப ஏற்பாடு செய்து, புது நாள் குறித்துக் கொடுத்தோம். அதற்கு முன்னால் காலைக் காட்ட வரச் சொல்லியிருந்தோம். அவர் வரவில்லை. போன் அடித்தால் மணி போகிறது, எடுப்பாரில்லை. சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு நானே கிளம்பினேன்.

மெயின் ரோட்டில் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு ஈரப்புல். லயத்து வாசலை அடைந்தபோது என் இரண்டு காலிலும் அட்டைகள் தொங்கின. நான் தையா தக்கா என்று குதித்ததைப் பார்த்து வாசலில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்து வீட்டுச் செல்வி என்பவர் சவுக்காரக் கட்டியோடு ஓடிவந்து, ஒவ்வொன்றாக வழித்துப் போட்டார். "டொக்டரம்மாவுக்கும் ஒப்பரேஷன் கேன்சல்" என்று ஒரு குரல் வந்தது. திரும்பவும் சிரிப்பு. பாக்கியம் மட்டும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்காமல் நின்றார்.

"வாங்க டொக்டரம்மா. எதுக்கு இவ்வளவு தூரம்? நான்தான் வரலையே."

"அதனாலதான் நான் வந்தேன்."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து பிளேன்டீ கொடுத்தார். கோபம் இருந்தாலும் தேநீர் வரும், எங்கள் ஊர் அப்படி. செல்வியும் மற்றப் பெண்களும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பஸ் சீட் கதையை அவர்களுக்குச் சொன்னேன். லேஞ்சி, ஜன்னல், முட்டி மோதல் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். கிருமி போர்வை போர்த்திக்கொண்டு கால்மேல் கால் போட்டு உட்காருவதை நான் செய்து காட்டியபோது பாக்கியத்தின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப அந்த சீட்டுல நம்ம ஆளு மொதல்ல குந்தணும். அம்புட்டுத்தானே?"

"அம்புட்டுத்தான். அதுக்கு முன்னாடி இவங்க ரெண்டு கால்லயும் ஒரு கீறல் இருக்கக்கூடாது. நகக்கீறல் கூட. ஒப்பரேஷன் முடிஞ்சும் சில மாசத்துக்கு ரொம்பக் கவனமா இருக்கணும்."

"மழையிலயா?" என்றார் பாக்கியம். "இதெல்லாம் நடக்கிற காரியமா? தண்ணிப் பீலிக்குப் போனாக் கடிக்கும். கக்கூசுக்குப் போனாக் கடிக்கும்."

"நீ ஏன்டி போற?" என்றார் செல்வி. "தண்ணி நாங்க கொண்டாந்து தர்றோம். கக்கூஸ் பாதையில புல்லைச் செரைச்சுச் சுண்ணாம்பு போட்டுட்டா ஒண்ணும் ஏறாது. ஏறுனா நாங்க பாத்து வழிக்கிறோம். என்ன, மலையை விட்டு வந்து ஒரு எட்டு உன் காலைப் பாக்க மாட்டமா?"

"உங்களுக்கு எதுக்குடி இந்தச் சள்ளை?"

"போன வருசம் நான் காய்ச்சல்ல கெடந்தப்ப எனக்குக் கஞ்சி ஊத்தினது யாரு? பேசாம இரு."

பேசினால் பாக்கியம் அழுதுவிடுவார் போல இருந்தது. நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் தோட்டத்து ஒப்பீசுக்குப் போய்த் தொரையையும் பார்த்தேன். அவருக்கும் பஸ் சீட் கதையைச் சொன்னேன். ஜீப்பில் போகிறவருக்கு அது அவ்வளவாக விளங்கவில்லை. ஆனால் ஒரு டொக்டர் அட்டைக்கடியோடு வந்து நிற்பதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை போலும். ஒப்பரேஷன் முடிந்து நான் சொல்லும் வரைக்கும் பெயரை வெட்டுவதில்லை என்றார். என் மேஸில் அப்போதும் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் அட்டைகளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன் என்றால் அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு அந்த லயத்தில் நடந்ததை எல்லாம் செல்வி போனில் சொல்லச் சொல்ல எனக்கு உட்கார முடியவில்லை. புல் செரைத்தாயிற்று. சுண்ணாம்பு போட்டாயிற்று. பாக்கியத்துக்குக் குந்த முடியாது என்று ஒரு பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டிக் கக்கூசில் வைத்தாயிற்று. வேலை முடிந்து, பேர் பதிகிற பெரட்டுக் களத்திலிருந்து வருகிற பெண்கள், வீட்டுக்குப் போகும் முன் பாக்கியத்தின் வாசலில் நின்று, "எங்க, காலை நீட்டு" என்பார்களாம். போன் வெளிச்சத்தில் விரல் இடுக்கு வரை பார்ப்பார்களாம். "ஸ்கூல்ல பேன் பாக்கிற மாதிரி பாக்கிறாளுக" என்று பாக்கியம் புலம்பினாராம். புலம்பத் தொடங்கிவிட்டார் என்றதும் எனக்கு நிம்மதி. கோபத்தில் இருக்கிற பாக்கியம் புலம்ப மாட்டார்.

வாட்டில் அனுமதிக்கிற நாளும் வந்தது. மழை விட்டபாடில்லை. ஒரு கதிரையில் அவரை உட்காரவைத்து, நான்கு பக்கமும் ஆள் பிடித்து, அந்த ஒற்றையடிப் பாதையில் ரோடு வரைக்கும் தூக்கி வந்திருக்கிறார்கள். இரண்டு காலிலும் முழங்கால் வரைக்கும் ஷொப்பிங் பேக் சுற்றி இலாஸ்டிக் போட்டுக் கட்டியிருந்தது. வாட்டில் கட்டிலில் உட்கார்ந்ததும், சிஸ்டர் வாயைத் திறக்கும் முன்பே பாக்கியம் பைகளை உருவிவிட்டுக் காலை நீட்டினார்.

"புண்ணும் இல்ல. அட்டையும் இல்ல. நல்லாப் பாத்துக்கங்க."

பால் போல இரண்டு கால்கள். சிஸ்டரும் நானும் சேர்ந்து விரல் விரலாகப் பார்த்தோம். ஒரு கீறல் இல்லை. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வாட்டில் 'புண் இருக்கா' என்று கேட்பதோடு யாரும் நிறுத்துவதில்லை. 'அட்டை கடிச்சிருக்கா, மேஸைக் கழற்றுங்க' என்று கேட்கிறோம். நீங்கள் வேறு ஊருக்குப் போனால் அந்த ஊர்க்காரர்கள் எதைப் புண்ணாக எண்ணுவதில்லை என்று முதலில் விசாரியுங்கள்.

சேர் வந்தார். செருப்புத் தட்டிலிருந்து தன் வெள்ளைச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஏதோ நேற்றுக் கழற்றி வைத்தவர் போல உள்ளே வந்து எனக்கு எதிரே நின்றார்.

ஒப்பரேஷனின் விவரங்களை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, புத்தகத்தில் இருக்கிறது. ஒரு கட்டத்தை மட்டும் சொல்கிறேன். தொடையெலும்பின் குழிக்குள் தண்டைச் சுத்தியலால் அடித்து இறக்குவோம் இல்லையா, அந்த இடம். தண்டு இறுக்கமாக உட்கார வேண்டும். துளி ஆடினாலும் எலும்பு அதைப் பற்றாது, நடுவில் வெறும் நார்தான் வளரும். அதற்காகக் கூடுதலாக ஓர் அடி அடித்தால் எலும்பு பிளந்துவிடும். எங்கே நிறுத்துவது? எந்தப் புத்தகமும் சொல்லாது. அடித்தேன். டொக். டொக். டொக். மந்தமான சத்தம். தண்டு இறங்குகிறது. இன்னும் அடித்தேன். சத்தம் மாறியது. கடையில் வாப்பா பலகையில் ஆணி அடிக்கும்போது, ஆணி போய்ச் சேர்ந்ததும் ஒரு சத்தம் வரும், கணீரென்று. கல்லாவில் இருந்தபடியே எனக்குத் தெரியும், ஆணி உட்கார்ந்துவிட்டது என்று. அதே சத்தம்!

"இன்னும் ஒண்ணு, மேடம்? ஒரு நூல் மேலே நிற்கிற மாதிரி இருக்கே" என்றார் உதவி டொக்டர்.

கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. சேரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், மனுசன்! தண்டைப் பிடித்துத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. தண்டைத் திருப்பினால் கால் முழுவதும் சேர்ந்து திரும்பியது. சுத்தியலைத் தட்டில் வைத்தேன்.

"போதும்."

முகமூடிக்கு மேலே சேரின் கண்கள் சிரித்தன. எனக்குக் கிடைத்த பட்டங்கள் எல்லாம் ஒரு பக்கம், அந்தச் சிரிப்பு ஒரு பக்கம்.

அடுத்த நாள் பாக்கியத்தை எழுப்பி நிற்கவைத்தோம். வலித்தது. ஆனால் "இது வேற வலிங்க" என்றார். "பழைய வலி உள்ள இருந்து கடிக்கும். இது வெட்டுன வலி. இது போயிரும்." வீட்டுக்குப் போகும்போதும் இரண்டு காலிலும் ஷொப்பிங் பேக். லயத்துக் காவல் அதற்குப் பிறகும் ஓயவில்லை. எலும்பு வேர் விடுகிற மாதங்கள் முழுவதும் அந்தப் பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்து, காலை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு வருடம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார். கட்டை இல்லை. தோட்டத்தில் பெயரும் வெட்டுப்படவில்லை, நாற்றுமேடைப் பக்கம் நின்றபடி செய்யும் வேலை கொடுத்திருந்தார்கள். கூடவே செல்வியும் இன்னும் சில பெண்களும் வந்து என் அறையை நிறைத்துவிட்டார்கள். நான் எக்ஸ்ரேயை மாட்டப் போனேன்.

"அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க" என்று பாக்கியம் முக்காலியில் காலைத் தூக்கி வைத்தார். எந்தச் சிரமமும் இல்லாமல் தூக்கி வைத்தார், அதைப் பார்த்தீர்களா! கணுக்காலில் ஒரு சிறிய சிவப்புப் புள்ளி. "நேத்துக் கடிச்சிருச்சுங்க. ஒடனே சவுக்காரம் போட்டுக் கழுவிட்டேன். சொறியல. புண்ணுங்க, சொல்லணும்ல."

குனிந்து பார்த்தேன். சுத்தமான புள்ளி. சிவப்பு பரவவில்லை, சூடு இல்லை. சரி என்றதும்தான் காலை இறக்கினார்.

பிறகு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் சொந்தப் பிள்ளையின் சோதனை முடிவைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி நெஞ்சு அடித்ததில்லை. தண்டு வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கிறது. அதைச் சுற்றி எலும்பு வெள்ளை வெளேரென்று இறுகி ஏறியிருக்கிறது.

"வாங்க, எல்லாரும் கிட்ட வாங்க" என்றேன். "இது உலோகம். இது பாக்கியத்தோட எலும்பு. ரெண்டுக்கும் நடுவுல கறுப்பா ஒரு கோடு தெரிஞ்சா வேற எவனோ உள்ள பூந்துட்டான்னு அர்த்தம். பாருங்க, கோடே இல்ல. நடுவுல ஒண்ணுமே இல்ல!"

பெண்கள் ஒருவர் தோளுக்கு மேலே ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். பாக்கியமும் படத்தைப் பார்த்தார். பிறகு, நான் இவ்வளவு ஆச்சரியப்படுவதுதான் அவருக்கு ஆச்சரியம் என்பது போலத் திரும்பினார்.

"கோடு எப்படிங்க இருக்கும்? நாங்க ஒண்ணையும் உள்ள விடலீங்களே, டொக்டரம்மா."